எச்சரிக்கை வாசலுக்கு வந்து சேர: வாசகர் கேள்வி பதில்

பேரிடர் ஆயத்தம் குறித்து வந்திருக்கும் கடிதங்கள் பலவற்றில் ஒரே கவலைதான் தெரிகிறது: அறிவிப்பு வருகிறது, ஆள் வருவதில்லை. அந்தக் கவலையை ஒட்டிய ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒவ்வொரு பேரிடரின்போதும் "இது மாநில அரசின் பொறுப்பு", "இல்லை, உள்ளாட்சியின் பொறுப்பு" என்ற வாக்குவாதமே முதலில் எழுகிறது. உண்மையில் யாருடைய வேலை எது?

பதில்: முதல் சில மணி நேரம் உள்ளாட்சியினுடையது, அதற்கு முந்தைய ஆண்டுகளும் பிந்தைய நாள்களும் பெரும்பாலும் மாநிலத்தினுடையவை. தண்ணீர் முதலில் புகும் தெரு எது, எந்த வாய்க்கால் அடைத்துக்கொள்ளும், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பதெல்லாம் வார்டு அளவில் இருப்பவருக்கே தெரியும். படகுகள், கனரக இயந்திரங்கள், பயிற்சி பெற்ற மீட்புப் படை, வானிலைக் கணிப்பைப் படித்து முடிவெடுக்கும் வல்லுநர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் ஆகியவை மாநிலத்திடம் இருக்கும். ஒன்றிடம் இருப்பது மற்றொன்றிடம் இல்லை என்பதால், இரண்டும் அமைதிக் காலத்திலேயே பழகியிருக்க வேண்டும்.

இதற்கு ஒடிசாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1999 அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்த பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் பேரிடர்களுக்கென்றே ஒரு மாநில ஆணையம் அமைக்கப்பட்டது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. 2019 மே மாதம் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டனர்; இறந்தவர்கள் 64 பேர். புயலின் சீற்றம் குறைந்துவிடவில்லை. கடலோரத்தில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய புகலிடங்களை மாநிலம் எழுப்பிக் கொடுத்தது. அவற்றில் பல, மற்ற நாள்களில் பள்ளிக்கூடமாகவோ சமுதாயக் கூடமாகவோ பயன்படுவதால் பாழடையாமல் இருக்கின்றன. அந்தப் புகலிடங்களுக்கு மக்களை வீடு வீடாகச் சென்று அழைத்து வந்தவர்கள் ஊர்க் குழுக்களும் தொண்டர்களும்தான்.

கேள்வி: இப்போது எல்லோர் கையிலும் அலைபேசி இருக்கிறது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ஒன்று போதாதா? அபாயச் சங்கும் ஒலிபெருக்கியும் இன்னும் எதற்கு?

பதில்: முதலில் ஒரு சிறு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போகிறது; லட்சக்கணக்கில் அனுப்பும்போது வரிசையில் தேங்கும். செல் பிராட்காஸ்ட் என்ற முறையில் கோபுரமே தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பிவிடுகிறது. யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலும் இல்லை. எனவே எச்சரிக்கைக்கு ஏற்றது இரண்டாவது முறையே. ஆனால், கோபுரத்துக்கு மின்சாரம் நின்று மாற்று ஏற்பாடும் தீர்ந்துவிட்டால் இரண்டுமே ஊமையாகிவிடும். அதனால்தான் சங்கு, ஒலிபெருக்கி, வானொலி, தெருவில் நடந்துபோகும் மனிதர் என்று பல வழிகள் வேண்டும் என்கிறோம்.

கருவிகள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு, ஹவாயின் மாவி தீவில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரை எரித்த தீ ஒரு கொடிய சான்று. தீவில் சுமார் 80 சங்குகள் இருந்தும் அன்று ஒன்றுகூட ஒலிக்கவில்லை. சங்கு என்றால் சுனாமி என்றே மக்கள் நினைப்பார்கள், மேட்டை நோக்கி ஓடினால் நேரே தீக்குள் போய்விடுவார்கள் என்று அஞ்சியதாக, பொறுப்பில் இருந்த அதிகாரி பின்னர் விளக்கம் அளித்தார்; அடுத்த நாளே பதவி விலகினார். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவருடைய அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் எந்த ஒலிக்கு என்ன பொருள், அதைக் கேட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மக்களுக்கு முன்னரே கற்பித்திருந்தால் அந்த அச்சத்துக்கே இடம் இருந்திருக்காது. ஆகவே இதை ஓர் அதிகாரியின் ஒரு நாள் தவறு என்பதைவிடப் பல ஆண்டுப் புறக்கணிப்பு என்றே நான் கருதுவேன்.

அதே ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று, ஏவுகணை வருகிறது என்று தவறான எச்சரிக்கை போய்விட்டது. அது பொய் என்ற திருத்தம் அலைபேசிகளைச் சென்றடைய 38 நிமிடங்கள் ஆயின. தவறு நேர்ந்தால் அனுப்ப வேண்டிய செய்தி ஆயத்தமாக எழுதி வைக்கப்படவில்லை. எச்சரிக்கை வாசகங்களை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அவற்றில் என்ன ஆபத்து, எந்தப் பகுதிக்கு, எந்நேரத்துக்குள், எங்கே போக வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். "மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு எவரும் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை.

எளிய கருவியும் காப்பாற்றும். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஊர் மக்கள் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அன்றாடம் கடல்நிலை அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின; ஊரார் பிழைத்தார்கள். தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் அந்த ஒலிபெருக்கியை அவர்கள் நம்பினார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: என் தாயார் மூன்றாண்டுகளாகப் படுத்த படுக்கை. "உடனே வெளியேறுங்கள்" என்று அறிவித்தால் நான் அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இப்படிப்பட்டவர்களை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. பல இடங்களில் இன்னும் எடுக்கப்படவில்லை என்பதே உண்மை. எடுத்தே ஆக வேண்டும் என்பதும் உண்மை.

2005 ஆகஸ்டில் காத்ரீனா சூறாவளி தாக்கியபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்திடம் சொந்த வாகனம் இல்லை. வெளியேறும்படி ஆணை பிறந்தது, ஏறிப்போக வண்டி இல்லை. பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நின்ற காட்சியை உலகமே பார்த்தது. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மறுத்தும் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். அந்த அனுபவத்தால் மாநில, உள்ளாட்சி வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று 2006இல் அங்கே சட்டமே இயற்றினார்கள்.

வங்கதேசத்தில் 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தபோது, ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக மாண்டார்கள். புகலிடத்தில் தனி இடமோ கழிப்பறையோ இல்லை. வீட்டு ஆண் உடன் வராமல் போகத் தயங்கினார்கள். இன்று அங்கே புயல் தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். கதவைத் தட்டுவது ஒரு பெண் என்றால், உள்ளே இருக்கும் பெண் எழுந்து வருகிறாள்.

உங்கள் வார்டில் கேட்க வேண்டியது இதுதான்: நடக்க இயலாதவர்கள், உயிர்வளிக் கருவியில் இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியே வாழும் முதியவர்கள் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் இருக்கிறதா? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அழைத்துப் போகப் பொறுப்பேற்றவர் பெயரும், வண்டியும், போய்ச் சேர வேண்டிய இடமும் எழுதப்பட்டுள்ளனவா? பட்டியல் கண்ட கண்ட கைகளுக்குப் போகாதபடி காக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும். இன்றே உங்கள் தாயாரின் பெயரை எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டார் இருவரிடமும் அவர் படுத்திருக்கும் அறை எது என்பதையும், அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஒத்திகை என்ற பெயரில் புகைப்படம் எடுத்துக்கொள்வதைத்தான் பார்க்கிறோம். அதனால் பயன் உண்டா?

பதில்: ஒழுங்காக நடத்தினால் உண்டு. 2017 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில், 1985 நிலநடுக்கத்தின் நினைவு நாளையொட்டி முற்பகல் 11 மணிக்கு ஒத்திகை நடந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து உண்மையான நிலநடுக்கமே வந்துவிட்டது. எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்று காலையில்தான் பழகியிருந்தார்கள்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமியின்போது இரு இடங்களில் நடந்தவற்றை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். கமாய்ஷி நகரில் ஒரு நடுநிலைப்பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் அவர்களைப் பார்த்து உடன் ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும், சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அவர்களுடைய பள்ளிகள் வெள்ள அபாய வரைபடத்தில் ஆபத்தற்ற பகுதியில்தான் இருந்தன. ஆனால் வரைபடத்தையே நம்பிவிடாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள். இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளியிலோ, பின்னால் குன்று இருந்தும், எங்கே போவது என்று தீர்மானிக்க முடியாமல் குழந்தைகளை நெடுநேரம் மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 74 குழந்தைகள் போய்விட்டார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில், முன்கூட்டியே தகுந்த ஆயத்தம் செய்யாதது பள்ளியும் உள்ளாட்சியும் இழைத்த தவறு என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியாயிற்று.

நான் ஒரு முறை ஓர் அலுவலகத்தில் பேரிடர்த் திட்டக் கோப்பைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. கெட்டி அட்டை, வண்ண வரைபடங்கள், பின்னிணைப்பில் தொலைபேசி எண்கள். அங்கேயே அமர்ந்து பத்து எண்களை அழைத்தேன். நான்கு பேர் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று வெகு நாள்கள் ஆகியிருந்தன. பொறுமையாகப் பேசிவிட்டு, "தம்பி, என் இடத்துக்கு இப்போது யார் வந்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது" என்றார். ஒத்திகையை எண்களை அழைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அன்று முதல் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

கேள்வி: காவல், தீயணைப்பு, மருத்துவம், மின்வாரியம் என்று எல்லோரும் வந்து நிற்கிறார்கள். யார் சொல்வதை யார் கேட்பது?

பதில்: 1970இல் கலிபோர்னியாவில் 13 நாள்கள் எரிந்த காட்டுத்தீக்களில் 16 பேர் இறந்தபோது இதே கேள்விதான் எழுந்தது. ஒரு துறை தன் கம்பியில்லாக் கருவியில் (வயர்லெஸ்) பேசியது மற்றொரு துறைக்குக் கேட்கவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். சம்பவ இடத்தில் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், எல்லாத் துறைகளும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும், ஒருவர் ஒரு மேலாளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டளை முறை அதிலிருந்தே பிறந்தது. அப்படியிருந்தும் 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் தனித்தனித் தகவல் தொடர்போடுதான் இயங்கின. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

உங்கள் பகுதியில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று அறிய நீண்ட மனு வேண்டியதில்லை. நள்ளிரவில் புகலிடத்தைத் திறக்க உத்தரவிடுபவர் யார், அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்றுச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த மூவர் ஒரே பெயரைச் சொன்னால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று பெயர்கள் வந்தால், அதை அடுத்த வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள்.