பல்லாரட் நகரின் ‘யுரேகா அரண்’ என்றால் என்ன? அது ஏன் எழுந்தது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் பல்லாரட்டில், 1854-இல் தங்கம் தோண்டும் தொழிலாளர்கள் அரசுப் படையை எதிர்த்து எழுப்பிய மரத் தடுப்பே யுரேகா அரண். கோட்டை என்று எண்ணிவிட வேண்டாம். பலகைகளையும் வண்டிகளையும் அவசரமாக அடுக்கிய வேலிதான்.

காரணம் உரிமக் கட்டணம். 1851-இல் இங்கே தங்கம் கிடைத்ததும், தோண்டுபவர் ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று அன்றைய பிரிட்டிஷ் காலனி அரசு விதித்தது. பின்னர் கட்டணம் குறைந்தாலும் முறை மாறவில்லை. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். சந்தையில் ஒரு கூடைகூட விற்காத வியாபாரியிடம் சுங்கம் வசூலிப்பதைப் போன்றது இது. பல்லாரட்டிலோ தங்கம் ஆழத்தில் கிடந்தது. மாதக்கணக்கில் குழி வெட்டிய பிறகே பலன் தெரியும். உரிமச் சீட்டு கையில் இல்லாதவர்களைப் போலீசார் துரத்திப் பிடித்தார்கள். வாக்குரிமையும் கிடையாது. பொறுமை எத்தனை நாள் தாங்கும்?

தொழிலாளர்கள் சீட்டுகளைத் தீயிலிட்டு, தென்சிலுவை விண்மீன் கூட்டம் பொறித்த கொடியின் கீழ் உறுதிமொழி எடுத்தார்கள். டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலையில் படை பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைவர் பீட்டர் லேலர், அயர்லாந்துக்காரர், இடது கையை இழந்து தலைமறைவானார். தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் நடுவர் குழு விடுவித்தது. மாத உரிமம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங், என்றானது. லேலர் 1855-இலேயே சட்டமன்றம் புகுந்து, பிற்காலத்தில் அதன் சபாநாயகராகவும் அமர்ந்தார்! என்னைப் பொறுத்தவரை பல்லாரட்டின் மிகப் பெரிய மனிதர் அவர்தான்.

இதைப் பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்ட போர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோர் கேட்டது நியாயமான கட்டணமும் வாக்குரிமையும்தான்.