‘நான் வெற்றியாளர்’ என்று சொல்ல நெஞ்சு இறுகினால்

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் சுன்னாகம். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது யாழ் நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு யூடியூப் வீடியோ அனுப்பினா. காலையில் கண்ணாடியைப் பார்த்து ‘நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன், நான் வெற்றியாளர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்வதுபோல நெஞ்சு இறுகுகிறது, சில நாள் அழுகையும் வருகிறது. ‘அப்படி வந்தால்தான் வேலை செய்கிறது, விடாதே’ என்கிறா மச்சாள். தொடரவா, விடவா?

பதில்: அந்த வசனத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் தங்கச்சி. உங்களோடு நீங்கள் நல்லபடி கதைக்க நினைத்தீர்களே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட வேண்டாம். மச்சாள் அன்பில்தான் சொல்லியிருக்கிறா. ஆனால் நெஞ்சு இறுகுவதும் அழுகை வருவதும் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை.

கூச்சத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ‘பிள்ளை வடிவாய் இருக்கிறாள்’ என்று அடுத்த வீட்டு ஆச்சி சொன்னாலே, பின்னேரம் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிற ஊர் இது. தன்னைத்தானே புகழ்வது பெருமை பேசுவது என்று கேட்டு வளர்ந்தவருக்கு, கண்ணாடி முன் நின்று ‘நான் அப்படி, நான் இப்படி’ என்று சொல்ல நாக்கு எழும்பாது. கண்ணாடியும் தேவையில்லை, சத்தமும் தேவையில்லை. ஒரு கொப்பியில் எழுதினால் போதும். பழகப் பழக கூச்சம் தானாகக் குறையும்.

நெஞ்சு இறுகுவது வேறு விஷயம். ‘நான் வெற்றியாளர்’ என்று வாய் சொல்லும்போது, உள்ளே இருந்து ‘அப்போ வெட்டுப்புள்ளி?’ என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் எத்தனை தடவை சொல்கிறீர்களோ அத்தனை தடவை அதுவும் பதில் சொல்லும். கடைசியில் அந்தக் குரலுக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. ‘நான் நேசிக்கத்தக்கவர்’ என்ற பொருளில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு மனநிலை சற்று உயர்ந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. யாருக்கு இது அதிகம் தேவை என்று நினைக்கிறோமோ அவர்களுக்கே பாரமாகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ‘இது எனக்குப் பொருந்துகிறது’ என்று மட்டும் நினைக்க வைத்ததைவிட, பொருந்தாத பக்கத்தையும் சேர்த்து நினைக்க விட்டபோது தன்மதிப்புக் குறைந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். மனதை வாயடைக்க வேண்டாம், அதையும் கதைக்க விடுங்கள்.

அப்போ என்னதான் சொல்வது? சாட்சி உள்ள வசனமாகச் சொல்லுங்கள். உங்கள் வேலையிலேயே பார்ப்போம். கடைப் பூட்டும் நேரம் காசுப் புத்தகம் 40 ரூபாவால் இடிக்கிறது, பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிழையைப் பிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு கொப்பியில் ‘இன்றைக்குக் கணக்கு இடித்தது, தேடிக் கண்டுபிடித்தேன்’ என்று எழுதுங்கள். இதை உள்ளே இருக்கிற எந்தக் குரலும் பொய் என்று சொல்ல ஏலாது. ‘கம்பஸ் கிடைக்காதது இன்னும் வலிக்கிறது. வலியோடும் வேலைக்குப் போய் வருகிறேன்’ என்பதும் நல்ல வசனமே. துக்கத்தை மறைக்காத வசனத்தை மனம் சண்டை பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளும். ‘நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்’ என்பது தொண்டையில் நிற்கிறதா? ‘என்னைத் திட்டுவதைக் குறைக்கப் பார்க்கிறேன்’ என்று இறக்கி வையுங்கள்.

உங்கள் பெயரைச் சொல்லியே உங்களோடு கதைத்துப் பார்க்கலாம். மேடையில் பேசுவது போன்ற பதற்றமான நேரங்களில் ‘நான்’ என்பதற்குப் பதில் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் கதைத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்ததை அமெரிக்க உளவியலாளர் ஈதன் குரொஸின் குழு 2014இல் காட்டியது. உங்கள் சிநேகிதிக்கு வெட்டுப்புள்ளி தவறியிருந்தால் ‘நீ வெற்றியாளர்’ என்றா சொல்லியிருப்பீர்கள்? பக்கத்தில் இருந்து, ‘சரி, அழு. பிறகு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்’ என்றிருப்பீர்கள். அதே தொனியில் உங்களுக்கும் சொல்லுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு சொல். செல்லடியும் இடப்பெயர்வும் கண்டவர்கள் பலருக்கு ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்ற வசனம் உடம்பில் ஒட்டவே ஒட்டாது. அவர்களிடம் அதை வற்புறுத்தக்கூடாது. நிலத்தில் காலை ஊன்றி, இன்றைய திகதியையும் இருக்கிற இடத்தையும் வாயால் சொல்லி, சுற்றியுள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பலருக்கு உதவுகிறது.

இனி உங்கள் அழுகைக்கு வருகிறேன். என் மனம் அதிலேதான் நிற்கிறது. கண்ணாடி முன்னால் மட்டும் வருகிறதா, மற்ற நேரங்களிலும் வருகிறதா? நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து, நித்திரை, சாப்பாடு, கவனம் எல்லாம் குழம்பியும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நல்ல வார்த்தையால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது. சிகிச்சை இருக்கிறது, குணமும் வரும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும்கூட இதேபோல ஆளைச் சோர வைக்கும், ஆகவே ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அதோடு, ‘இத்தனை தடவை சொல்லாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும்’ என்ற பயம் பிடித்திருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுன்னாகத்தில் இருந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை தூரமில்லை, அங்கே மனநலப் பிரிவு உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் உண்டு. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், காசு கட்டத் தேவையில்லை. அங்கே போனால் ஊர் ‘விசர்’ என்று சொல்லும் என்ற பயத்தில் பிந்திப்போய்த் துன்பப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் அப்படிப் பிந்த வேண்டாம். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு நித்திரை வந்தது, எந்த நேரத்தில் அழுகை வந்தது, சாப்பாடு எப்படி என்று ஒரு வாரத்துக்கு அதிலே குறித்து வைத்திருந்தால், முதல் நாளே வைத்தியரால் நிறைய விளங்கிக்கொள்ள முடியும்.