வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்பவை

கேள்வி: நான் கிராம சுகாதாரப் பணியாளர். எங்கள் பகுதிப் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை, ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி எல்லாமே தெரியும். இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்கிறார்கள். இன்னும் என்னதான் எடுத்துச் சொல்வது?

பதில்: சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். பல நாடுகளின் கணக்கெடுப்புகளில், பிள்ளை வேண்டாம் என்றிருந்தும் கருத்தடை செய்யாத பெண்கள் சொல்வதில் ‘தெரியாது’ என்பது குறைவு. பக்கவிளைவு பயம், வீட்டார் எதிர்ப்பு, ‘அவர் எப்போதாவதுதான் வருகிறார்’ என்பவைதான் அதிகம். ஒரு பெண் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சீட்டை மடித்துக்கொண்டு வாசல் வரை போனார். அப்புறம் திரும்பி வந்து, “காப்பர்-டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடுமாமே?” என்றார். அவர் கேட்க வந்ததே அதுதான். கர்ப்பப்பையைப் படமாக வரைந்து, நெஞ்சுக்குப் போக வழியே இல்லை என்று காட்டினேன். முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கு கூடுதலாக இருக்கலாம் என்பதையும் சொன்னேன். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பயந்துபோய் இரண்டே மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: கருத்தடை ஊசியை 3 மாதத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் போடுகிறேன். இப்போது மாதவிடாயே வருவதில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது, இனி பிள்ளையே பிறக்காது என்கிறார் மாமியார்.

பதில்: எதுவும் தேங்கவில்லை அம்மா. ஊசியால் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்துவிடுகிறது, வெளியேற அங்கே ரத்தம் சேர்வதில்லை. பிள்ளை பெறும் தன்மையும் போய்விடாது. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதம் ஆகலாம். அடுத்த குழந்தை சீக்கிரமே வேண்டுமென்றால் வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாமியாரையும் கூட்டி வாருங்கள், அவருடைய பயத்துக்கும் பதில் வேண்டும்.

கேள்வி: கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். எனக்கும் கருத்தடை தேவையா?

பதில்: தேவை. வரும் நாள் தெரிந்தால் குறைந்தது 7 நாள் முன்பே மாத்திரையை ஆரம்பியுங்கள். காப்பர்-டி என்றால் போட்ட அன்றே பலன். இவை எதுவும் இல்லாமல் உறவு நடந்துவிட்டால் அவசர கருத்தடை மாத்திரையை அதிலிருந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடுங்கள்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளலாமா? மனசு உறுத்துகிறது.

பதில்: உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. எத்தனை பிள்ளை, எத்தனை வருட இடைவெளி என்று முடிவு செய்வது ஒவ்வொருவரின் உரிமை என்று 1994-ல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டிலேயே உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. கணவர் சம்மதம் மருத்துவரீதியாகத் தேவையில்லை. வீட்டில் அடி உதைக்குப் பயந்து மறைப்பதானால் அதையும் செவிலியரிடம் சொல்லுங்கள், ஊசி அட்டையைச் செவிலியரே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மூட்டை தூக்குகிறவர் என் கணவர். ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடும் என்கிறார்.

பதில்: போகாது. விந்தணு வரும் குழாயைத்தான் அடைக்கிறார்கள். ஆண்மையும் உடல் வலுவும் அப்படியே இருக்கும். பெண்ணுக்குச் செய்வதைவிடச் சின்ன ஆபரேஷன் இது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முதல் 3 மாதம் ஆணுறையோ வேறு முறையோ கட்டாயம். அதன் பிறகு விந்துப் பரிசோதனையும் செய்து பார்த்துவிடுங்கள்.