ஊர் கூடிக் கட்டும் வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குடிசையில் வாழும் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து உழைத்து, தொண்டு நிறுவனம் தரும் லாபமில்லாக் கடனில் சொந்த வீடு கட்டிக்கொள்ளும் முறையைப் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

தொண்டு நிறுவனம் என்கிறார்கள். ஆனால் மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறார்கள். இலவசமாகத் தராதது எப்படி உதவியாகும்?
– வாசகி, பாலக்கோடு

நீங்கள் கட்டும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். இந்த முறையை உலகெங்கும் பரப்பிய ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1976இல் தொடங்கியது. அதன் வேர் அங்கிருந்த கொய்னோனியா என்ற கூட்டுப் பண்ணை. லாபம் வைக்காமல், வட்டி வாங்காமல் வீட்டை விற்பது, குடும்பங்கள் திருப்பிக் கட்டும் பணத்தைப் பொது நிதியில் போட்டு அடுத்த வீட்டைக் கட்டுவது என்பது அங்கே பிறந்த யோசனை. இந்தியாவில் 1983 முதல் இந்த அமைப்பு வேலை செய்கிறது.

கணக்காகவே சொல்கிறோம். 1,50,000 ரூபாய் கடனை வட்டியில்லாமல் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதம் 1,250 ரூபாய். அதே தொகைக்கு 24 சதவீத வட்டி என்றால், குறையும் அசலுக்கு வட்டி போட்டாலும் மாதம் ஏறக்குறைய 3,300 ரூபாய் ஆகும். 10 ஆண்டு முடிவில் கிட்டத்தட்ட 4 லட்சம் கட்டியிருப்பீர்கள். பத்துக் குடும்பங்கள் 1,250 வீதம் தவறாமல் கட்டினால் ஓராண்டில் 1,50,000 சேரும். பதினோராவது குடும்பத்தின் கடன் அதிலிருந்தே வந்துவிடும்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. சிமெண்ட், கம்பி விலை ஏறிக்கொண்டே போகும். தவணை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் ஐந்தாம் ஆண்டில் வரும் பணத்துக்கு ஒரு வீடு எழும்பாது. அதனால் சில குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை தவணையைச் சிறிது உயர்த்த முதலிலேயே ஒப்புக்கொள்கின்றன. அப்படி ஒரு விதி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் தாளில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் சண்டைதான்.

தாத்தா பெயரில் பட்டா. அப்பாவும் இல்லை, சித்தப்பாக்கள் மூன்று பேர். அந்த இடத்தில் கட்டலாமா?
– வாசகர், அரூர்

இப்போது கட்டாதீர்கள். முதலில் வாரிசுச் சான்றிதழ். அடுத்து பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். அல்லது சித்தப்பாக்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். அதன் பிறகு இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நில அளவர் வந்து அளந்து கல் நட்ட பிறகே வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. ஆனாலும் சுவர் எழும்பிய பிறகு பங்காளி தடையாணை வாங்கினால் குழு மொத்தத்தின் உழைப்பும் முடங்கிப்போகும்.

புதுப் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். குடியும் கடனும் புகுந்த வீடுகளில் மனைவியின் பெயர் இருப்பதுதான் கூரையைக் காப்பாற்றுகிறது.

சித்தேரி மலை, அஞ்செட்டிப் பக்கம் வன உரிமைச் சட்டம் 2006இன்படி உரிமை பெற்றவர்களும் கேட்டிருந்தார்கள். அந்த உரிமை வாரிசுக்குப் போகும். ஆனால் விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. தம்பதியர் என்றால் இருவர் பெயரிலும்தான் பதிய வேண்டும். எனவே அந்த உரிமைப் பத்திரத்தை அடமானமாகக் கேட்பவர்கள் எவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

அரசுத் திட்டத்தில் 3.50 லட்சம் வருகிறது. பிறகு தொண்டு நிறுவனம் எதற்கு?
– வாசகர், காவேரிப்பட்டினம்

2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைச் சொல்கிறீர்கள். 360 சதுர அடி வீடு; அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. பணம் கட்டம் கட்டமாக, வேலையைப் பார்த்த பிறகு வரும். சிக்கலும் அங்கேதான். கைக்காசு இல்லாத குடும்பம் முதல் கட்டத்துக்கே தண்டல்காரரிடம் போகிறது. அடுத்த தவணை வந்ததும் அது வட்டிக்குப் போய், சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை) உயரத்தில் நின்றுவிடுகிறது. தொண்டு நிறுவனம் இடைக்காலப் பணத்தைக் கொடுத்து, தவணை வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாலே போதும், பாதி வீடுகள் காப்பாற்றப்படும்.

இன்னொரு காரணம் ஆசை. 'எப்படியும் கட்டுகிறோம், இன்னொரு ரூமும் சேர்த்துவிடலாம்' என்று 600 சதுர அடிக்கு வானம் தோண்டிவிடுகிறார்கள். முதலில் 360இல் முடித்துக் குடியேறுங்கள். கூடுதல் அறை வரப்போகும் பக்கத்துச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் கதவு உயரத்துக்கு லிண்டல் விட்டு வையுங்கள். பின்னாளில் இடிக்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு வீடு கட்ட 4 லட்சம் வரை உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டு இதை இழப்பவர்களே அதிகம். இரண்டு திட்டங்களையும் ஒரே வீட்டுக்குக் கேட்பதற்கு முன் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உழைப்பைப் பங்காகக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டட வேலை தெரியாதவர்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகி, பென்னாகரம்

நிறையச் செய்யலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. நாற்று நடவுக்கு மாத்தாள் போகும் பழக்கம் (இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு) நமக்குப் புதிதல்ல. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுபவர்கள் முய்யாளு என்பார்கள். அதே கணக்குதான் இதுவும்.

வானம் தோண்டுவதை முழுக்கக் குழுவே செய்யலாம். 20க்கு 18 அடி வீட்டுக்கு, நடுச்சுவரையும் சேர்த்தால் 90 அடி நீளம் வரும். இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட 790 கன அடி மண். செம்மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளில் 70, 80 கன அடி எடுப்பார். ஆக 10, 11 ஆள்கூலி. கீழே கெட்டிக் கிராவல் வந்துவிட்டால் இரண்டு மடங்கு. மூலை மட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) இல்லையென்றால் கயிற்றில் 3, 4, 5 அடி அளந்து முக்கோணம் போட்டுப் பாருங்கள், மூலை சரியாக விழும். கரிசலோ களியோ தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்த மண் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் தாங்காது.

பேஸ்மட்டத்துக்குள் (தரைக்கு மேலே எழுப்பும் அடிக்கட்டுக்குள்) மண் நிரப்புவதும் நீங்கள்தான். ஏறக்குறைய 600 கன அடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி, மேலே மட்டும் தண்ணீர் விட்டு மிதிப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. ஆறு மாதத்தில் தரை உள்வாங்கி மூலையில் பிளக்கும். அரை அடி கொட்டி, நனைத்து, திம்சுக் கட்டையால் இடித்த பிறகு அடுத்த அரை அடி.

கூரை போடும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் கூடி வருவதும் அன்றுதான், ஊர் கூடித் தவறு செய்வதும் அன்றுதான். 300 சதுர அடிக்கு 5 அங்குலக் கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட்; சிமெண்ட் 28 முதல் 30 மூட்டை. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. சட்டிக் கணக்கு வேண்டாம். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் அரைச் சட்டி அள்ளுவார். 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி செய்துகொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஒன்றேகால் கன அடி, சரியாக ஒரு மூட்டை சிமெண்ட். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி.

தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றும்போது கலவை கெட்டியாகத் தெரியும். யாராவது 'ஒரு குடம் ஊத்துப்பா' என்பார். ஊற்றினால் வேலை சுலபம், கூரை ஒழுகும். மிக்சர் பக்கத்தில் தண்ணீர் அளக்க ஒரே ஒருவர், அவர் சொன்னதுதான் சட்டம். மேலே வந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் பரப்பி வைப்ரேட்டர் போட்டுவிட வேண்டும். தளத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்த இணைப்பில்தான் நாளைக்குத் தண்ணீர் கசியும். பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் வேலை பார்க்கட்டும்.

கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பது), மின்சார வேலை இவை மூன்றும் தேர்ந்த ஆட்களுக்கு மட்டும். சன்ஷேடில் முதன்மைக் கம்பி மேல் பக்கம் இருக்க வேண்டும். சட்டி தூக்குபவர்கள் அதன்மேல் ஏறி நடந்தால் கம்பி கீழே அமுங்கிவிடும். பார்வைக்குத் தெரியாது, முட்டுகளை எடுத்த அன்று சன்ஷேடு அப்படியே விழும். நடப்பதற்குத் தனிப் பலகை போடுங்கள். தளத்துக் கம்பியின் அடியில் முக்கால் அங்குலக் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கும் சிறு சிமெண்ட் வில்லை) வையுங்கள், உடைந்த ஜல்லித் துண்டு அல்ல.

அடுத்து நீராற்றுவது. மறுநாள் முதல் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும், குறைந்தது 14 நாள். பாத்தி ஒருமுறை நிரம்ப 1,400 லிட்டர் பிடிக்கும். பங்குனி வெயிலில் தினமும் வற்றும். அதனால் தண்ணீருக்கு வழி செய்துகொண்டு கூரைக்கு நாள் பாருங்கள். அந்த 14 நாளும் முட்டுகளைத் தொடாதீர்கள். பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் செய்யக்கூடிய வேலை இது, ஆனால் கொத்தனார் கூலியைவிட விலைமதிப்புள்ளது.

எங்கள் பக்கம் கருங்கல் மலிவு. சுவரையும் கல்லிலேயே கட்டினால் என்ன?
– வாசகர், சூளகிரி

அஸ்திவாரத்துக்கும் பேஸ்மட்டத்துக்கும் கல்லைப் போல வேறில்லை. சுவருக்குக் கல் என்றால் 15 அங்குலக் கனம் வேண்டும். 6 அங்குல சாலிட் பிளாக்கோடு (கான்கிரீட்டில் வார்த்த கட்டுக்கல்) ஒப்பிட்டால், 20க்கு 18 அடி வீட்டில் 50 சதுர அடிக்கு மேல் சுவரே தின்றுவிடும். ஒரு சமையலறை அளவு இடம் அது.

பிளாக் வாங்கும்போது வார்த்து 28 நாள் ஆனதா என்று கேளுங்கள். நாளாகாத பச்சை பிளாக்கை வைத்துக் கட்டினால் சுவரில் ஏறியபின் சுருங்கி ஜன்னல் மூலையில் விரிசல் விடும். 16க்கு 8 அங்குல பிளாக் 100 சதுர அடிச் சுவருக்கு 112 பிடிக்கும். செங்கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போடாதீர்கள். லேசாக நனைத்தால் போதும்.

முதலில் வீடு முடிந்தவர் அடுத்தவர் வேலைக்கு வருவாரா?
– வாசகி, மொரப்பூர்

நியாயமான சந்தேகம். அதனால்தான் ஒரு வீட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாது. ஐந்து குடும்பம் என்றால் ஐந்துக்கும் பேஸ்மட்டம், பிறகு ஐந்துக்கும் சுவர், பிறகு கூரை. கதவும் சாவியும் எல்லோருக்கும் சேர்ந்தே. சாமான்களை ஒன்றாக வாங்கினால் லாரி வாடகையும் மிச்சம்.

உழைப்புக்கு ஒரே நோட்டு. ஆண் ஒரு நாள், பெண் ஒரு நாள், இரண்டும் ஒரே நாள்தான். ஊர்க் கூலி வித்தியாசத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சமையல், காவல், தண்ணீர் ஊற்றுவது எல்லாமே நாளாகக் கணக்கில் ஏறட்டும். உழைக்க ஆளில்லாத விதவைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்கள் எத்தனை நாள் தருவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து ஆட்கள் ஊர் வந்திருக்கும்போது வானம் தோண்டத் தொடங்கினால், மாங்காய் அறுவடை மும்முரமாவதற்குள் கூரை முடிந்துவிடும்.

வீடு முடிந்துவிட்டது. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிறார்கள். கூரையால் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், காரிமங்கலம்

உண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, செறிவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். வராத நாளுக்கு மழைநீர். 300 சதுர அடித் தளத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை விழுந்தால், வீணாவது போக 17,000 லிட்டருக்குமேல் சேகரிக்கலாம். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தினம் 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர்தான் தேவை. தளத்தின் சரிவை ஒரே மூலைக்குக் கொண்டுவந்து 3 அங்குலக் குழாய் இறக்குங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு கிளைக் குழாயும் மூடியும் வேண்டும். தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடி, குழாய் வாயில் கொசுவலை. ஆடி பிறந்ததும் தளத்தைக் கூட்டிக் கழுவிவிடுங்கள்.