கதவும் பீரோவும்

அன்புள்ள சார்,

செல்பேசியில் தமிழ் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். இது கொஞ்சம் சொந்தக் கதை. போன மாதம் என் மாமனாருக்குத் தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்திரிகை வந்தால் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். தொட்டிருக்கிறார், போன் ஏதேதோ கேட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை கணக்கில் 48,000 ரூபாயைக் காணோம். வந்தது பத்திரிகையே இல்லை, ஏபிகே என்ற செயலிக் கோப்பு என்று காவல் நிலையத்தில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

என் கேள்வி இது. வீட்டு ஃபிரிட்ஜில் யாரும் வெளியிலிருந்து மென்பொருள் ஏற்றுவதில்லை. போனை மட்டும் ஏன் கண்டவர்கள் எழுதும் செயலிக்கெல்லாம் திறந்துவைக்க வேண்டும்? செய்கிற கம்பெனியே தேவையானதைப் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிட்டால் என்ன? ஸ்டீவ் ஜாப்ஸே முதலில் அப்படித்தான் நினைத்தார் என்று படித்தேன். செயலி எழுதுகிறவர்களிடம் கூகுளும் அடையாளச் சான்று கேட்கப்போகிறதாம். நல்லதுதானே? அலுவலகத்தில் ஒரு பையன், "போன் என்னுடையது, எதைப் போடுவது என்று நான்தான் முடிவு செய்வேன்" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறான். மாமனார் இப்போது போனைத் தொடுவதே இல்லை. காலையில் பஞ்சாங்கம் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். பேசாமல் அவருக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

ர.,
திண்டுக்கல்

அன்புள்ள ர.,

முதலில் காசு விஷயம். காவல் நிலையத்தில் சொன்னதோடு நின்றிருந்தால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அழைத்துப் பதிவு செய்யுங்கள். வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். இந்த மாதிரி புகார்களில் முதல் சில மணி நேரம்தான் பொன்னானது. அதற்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. அடுத்த முறை யாருக்காவது உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஜாப்ஸ். நீங்கள் படித்தது சரி. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய கையோடு அவர் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். போன் கணினி மாதிரி ஆகிவிடக் கூடாது, மூன்று மென்பொருளை ஏற்றிவிட்டு அவசரத்துக்கு அழைக்கப் போனால் வேலை செய்யாமல் நிற்கக் கூடாது என்றார். அந்த பயம் வெறும் பாவனை இல்லை. 2004-இலேயே நோக்கியா வகை சிம்பியன் போன்களில் கேபிர் என்ற புழு, அதாவது போனுக்குப் போன் தாவும் கெட்ட மென்பொருள், புளூடூத் வழியாகப் பரவியது. அதுவும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. 'ஏற்றுக்கொள்ளலாமா?' என்று கேட்டது. மக்கள் 'சரி' கொடுத்தார்கள். உங்கள் மாமனார் புதிதாக எந்தத் தவறும் செய்துவிடவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

2007 ஜூனில் ஐபோன் கடைக்கு வந்தபோது வெளியாட்கள் எழுதிய செயலி ஒன்றுகூட அதில் கிடையாது. வேண்டுமானால் இணையப் பக்கமாக எழுதி உலாவியில் திறந்துகொள்ளுங்கள் என்றார்கள். கோடை முடிவதற்குள் ஆர்வலர்கள் பூட்டை உடைத்துத் தங்கள் செயலிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பரில் வந்த அப்டேட் அவற்றைத் துடைத்தது. நெட்வொர்க் பூட்டை உடைத்திருந்த சில போன்கள் அதோடு உயிரையே விட்டன. அடுத்த மாதம், அக்டோபர் 17 அன்று, ஜாப்ஸே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி வெளியாட்களுக்கு வழிவிடுவதாக அறிவித்தார். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் ஏறக்குறைய 500 செயலிகளோடு திறந்தது. முதல் வார இறுதியிலேயே ஒரு கோடிப் பதிவிறக்கம். விற்பனையில் 70 பங்கு எழுதியவருக்கு, 30 பங்கு ஆப்பிளுக்கு. ஆக, நீங்கள் சாட்சிக்கு அழைத்த ஆள் பத்து மாதத்துக்குள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். ஆனால் முழுசாகப் போகவில்லை. கதவைத் திறந்தார், சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

இந்த வழக்கு செல்பேசிக்கும் மூத்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனிதான் தொலைபேசி என்றிருந்த காலத்தில், அதன் கருவியோடு வெளியார் பொருள் எதையும் இணைக்கக் கூடாது என்பது விதி. ஹஷ்-எ-ஃபோன் என்று ஒரு சாமான் இருந்தது. பேசும் வாயில் மாட்டிக்கொள்ளும் ஒரு குவளை, அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரருக்கு நாம் பேசுவது கேட்காது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. அதற்கும் தடை கேட்டது கம்பெனி. 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல அளவுகோலைச் சொன்னது: சந்தாதாரர் தன் தொலைபேசியைத் தனக்கு நன்மையாகவும் பொதுவுக்குக் கேடில்லாமலும் பயன்படுத்திக்கொள்ள உரிமை உள்ளவர். 1968-இல் டெக்சாஸ்காரர் ஒருவரின் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி, இருவழி வானொலியைத் தொலைபேசியோடு சேர்ப்பது, அதே வாதத்தில் ஜெயித்தது. வலையமைப்பே கெட்டுவிடும் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. கெடவில்லை. ஆளில்லாதபோது அழைப்பை எடுத்துச் செய்தி பதியும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் அந்தத் திறப்பின் வழியாக வீட்டுக்கு வந்தன. மோடம் வந்திராவிட்டால் நீங்களும் நானும் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்தான். அதே சமயம், கண்டதையும் மாட்டிக்கொள் என்றும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1970களின் நடுவில் கருவிகளுக்குப் பதிவும் தர விதிகளும், எல்லோருக்கும் பொதுவான ஒரு செருகியும் வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'தேவையானதைக் கம்பெனியே போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன?' என்கிறீர்கள். யாருக்குத் தேவையானதை?

2010 வாக்கில் என்னிடம் இருந்த போனில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். வாங்கியவர்கள் கடிதம் எழுதினோம், யாரும் மதிக்கவில்லை. ஓபரா மினி என்ற வெளியார் உலாவியை ஏற்றி, முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று தட்டி, சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரிக்கு எதிரே 'ஆம்' போட வேண்டும். எங்கோ ஒரு சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், எழுத்து முறுக்கு பிழிந்தது மாதிரி இருக்கும். ஆனாலும் படித்தோம். பேருந்தில் பக்கத்து இருக்கை ஆளுக்கு இதைச் செய்து கொடுத்து நண்பர் ஆனவர்கள் எனக்கு உண்டு.

தட்டச்சு இன்னொரு கதை. மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியை 2005-லேயே, ஸ்மார்ட்போன் என்ற பேச்சு நம் பக்கம் வருமுன், சாதா போன்களுக்குக் கொண்டுவந்தார். ஆண்ட்ராய்டில் 2009-இல் வந்த 1.5 பதிப்பிலேயே வெளியார் விசைப்பலகைக்கு இடம் இருந்தது. ஐபோனில் அது 2014 செப்டம்பரில், எட்டாம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை செல்லினம் ஐபோனில் ஒரு தனிச் செயலி. அதற்குள் போய்த் தமிழில் அடி, நகலெடு, வெளியே வா, வேறோர் இடத்தில் ஒட்டு. ஒரு வரிக்கு இத்தனை. இன்றைக்கு ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அதில் ஒரு வகைக்கு 'அஞ்சல்' என்று பெயர் இருப்பதைப் பாருங்கள். அது முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை. வெளித்திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலைதான் கடைசியில் உள்வீட்டுக்குள் போனது.

இதில் கம்பெனிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு ஆய்த எழுத்து என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். உங்கள் மாமனாரின் பஞ்சாங்கமும் அப்படித்தான். அவர் தினமும் பார்த்த அந்தச் செயலி எந்த போன் கம்பெனியும் போட்டுக் கொடுத்ததாக இருக்காது. யாரோ ஒரு வெளியாள் எழுதியது. நீங்கள் கேட்கும் பூட்டு வந்தால் முதலில் வெளியே நிற்பது அதுதான்.

'சரி, கடையில் சோதித்து விற்பதை மட்டும் அனுமதிப்போம்' என்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்தான். நானும் பத்துக்கு ஒன்பதைப் பிளே ஸ்டோரிலிருந்துதான் எடுக்கிறேன். ஆனால் கடையின் காவலை ரொம்ப நம்ப வேண்டாம். உடனடிக் கடன் செயலிகள் ஞாபகம் இருக்கிறதா? தொடர்பு எண்களை எல்லாம் உருவிக்கொண்டு, படங்களைச் சிதைத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி மிரட்டினார்களே, அவை பலவும் சந்து வழியாக வந்தவை இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஜூலைக்குள் பிளே ஸ்டோரிலிருந்து 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் நீக்கப்பட்டன என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கினார்கள் என்றால் அதற்கு முன்பு உள்ளே இருந்தன என்றுதானே அர்த்தம்.

கடைக்காரருக்கு வேறு கணக்கும் உண்டு. 2024 மார்ச் முதல் நாள், கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து எடுத்தது. சென்னையில் இருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. வரன் பார்க்கும் செயலியால் யாருடைய போனும் கெட்டுப்போகவில்லை, கமிஷன்தான் பிரச்சினை. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வைத்தார்கள். கூகுள் சொல்லும் கட்டணம் நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. காவல்காரரும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள் என்கிறேன்.

உங்கள் மாமனாரிடம் திரும்ப வருகிறேன். அந்தப் போலிப் பத்திரிகை உள்ளே வந்ததால் மட்டும் பணம் போகவில்லை. வந்த பிறகு, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும். அதைக் கொடுத்ததும் வங்கியின் ஓடிபி அப்படியே திருடனின் கைக்குப் போயிருக்கும். இந்த மோசடிகளின் வழக்கமான வழி அதுதான். கல்யாணப் பத்திரிகை எதற்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க வேண்டும்? வாசலுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கூடத்தில் உட்கார வைத்துக் காபிகூடக் கொடுக்கலாம். பீரோ சாவி கேட்டால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை 'சரி' பட்டனாக வடிவமைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

இந்தப் பக்கம் ஓரளவு வேலை நடந்தும் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் எட்டாம் பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து நிறுவும் அனுமதி மொத்த போனுக்கும் ஒரே சுவிட்சாக இல்லாமல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் கூகுள் சிங்கப்பூரில் ஒன்றைச் சோதித்தது. உலாவி வழியாகவோ அரட்டைச் செயலி வழியாகவோ வந்த கோப்பு, எஸ்எம்எஸ் படிப்பது, அறிவிப்புகளைக் கேட்பது மாதிரியான அனுமதிகளைக் கோரினால் அதை நிறுவவே விடாது. பிறகு அந்தச் சோதனையை இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இதை நான் இரு கை தட்டி வரவேற்கிறேன். எழுதியவர் யார் என்று பார்க்காமல் எதைக் கேட்கிறது என்று பார்க்கும் காவல் இது. கார்ட்டர்ஃபோனுக்குப் பின் வந்த அந்தப் பொதுச் செருகி மாதிரி.

அடையாளச் சான்று விஷயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தபடி, பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பரிலிருந்து இது நடைமுறைக்கு வரும், மற்ற நாடுகளுக்கு அதற்குப் பிறகு. கடைக்கு வெளியே தன் தளத்தில் இலவசமாக வைத்திருப்பவரும் கூகுளிடம் பதிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புக் கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறுவ ஒரு தனி வழி வைப்போம் என்று நவம்பரில் சொன்னார்கள். திருடனுக்கு அடுத்தவர் பெயரில் சிம் வாங்கத் தெரியும், வாடகைக்கு வங்கிக் கணக்கு எடுக்கத் தெரியும், சான்றும் வாங்கிவிடுவான். ஓய்வு நேரத்தில் தன் ஊர் நூலகத்துக்கு ஒரு செயலி எழுதிக் கொடுக்கும் பையன்தான் தயங்குவான். உங்கள் அலுவலகப் பையன் சண்டை போடுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அவனுக்கு இன்னும் மாமனார் வரவில்லை என்பதால்.

ஐபோன் வாங்கலாமா? அந்த ஏபிகே கோப்பு ஐபோனில் திறந்திருக்காது, அதை மறைக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இலிருந்து வேறு கடைகளுக்கு வழிவிட்டிருக்கிறார்கள், நம் நாட்டில் அந்தக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஆனால் 'டிஜிட்டல் கைது' என்று வீடியோவில் மிரட்டிப் பணம் பிடுங்குகிறவனுக்குச் செயலியே வேண்டாம், ஐபோனும் அவனுக்கு ஒன்றுதான். அத்தனை காசு கொடுத்து வாங்கி, 'உனக்கு இதுதான் சரி' என்று கையில் திணித்தால் வாத்தியார் மனசு என்ன பாடுபடும் என்றும் யோசியுங்கள்.

இருக்கிற போனில் அந்த ஏபிகேயின் சுவடு மிச்சம் இருக்கலாம். தேவையான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனை மொத்தமாக அழித்துப் புதிதாக அமையுங்கள். தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி எதற்கெல்லாம் இருக்கிறது என்று அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்து அணையுங்கள். எஸ்எம்எஸ் படிக்க யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியலை அவரே வாய்விட்டு வாசிக்கட்டும். அப்புறம் பஞ்சாங்கத்தை மறுபடி ஏற்றிக் கொடுங்கள். அதுவும் எஸ்எம்எஸ் கேட்டால் வேறு பஞ்சாங்கம் பாருங்கள். இரண்டு நாள் கழித்து அவரிடம் ஏதாவது கேளுங்கள். ராகு காலம் வேண்டாம், அது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். இன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்று கேளுங்கள். அதற்குப் போனை எடுத்தே ஆக வேண்டும்.