‘ஒன்னும் இல்ல’ என்று மட்டும் சொல்லும் கணவர்: இது மனச்சோர்வா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு 38 வயது. நாலு மாதமாக ஆளே மாறிவிட்டார். பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் எரிந்து விழுகிறார். ஒரு நாள் வேலைக்குப் போனால் இரண்டு நாள் போவதில்லை. குடி கூடிவிட்டது. என்ன என்று கேட்டால் ‘ஒன்னும் இல்ல’ என்கிறார். அழவில்லை, கவலை என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இது மனச்சோர்வாக இருக்குமா? டொக்டரிடம் போவோம் என்றால் ‘நான் என்ன பைத்தியமா’ என்று கத்துகிறார்.

பதில்:

இருக்கலாம் தங்கச்சி. ‘அழவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் அழவே இல்லை. அதனாலேயே ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் யாருக்கும் விளங்காமல் போனது. நான் டொக்டர் இல்லை, ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். அண்ணனோடு இரண்டு வருஷம் கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிறவர். மலையில் வேலை முடிந்து பகலுக்கு மேல் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டுவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுவார். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு. பிறகு பெருவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார். மறுநாள் கவ்வாத்து இல்லாவிட்டாலும் தீட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் மணி மூன்றாகிவிட்டது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

2021இல் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து கரட்டும் லீக்ஸும் போட்டார். அண்ணியின் நகை அடகுக்குப் போனது. அந்த வருஷம்தான் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் அண்ணனின் கரட் விரல் அளவில் நின்றுபோயிருந்தது. அடுத்த வருஷம் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் என்ன விலைக்கு ஏறின என்று உங்களுக்கும் தெரியும். வட்டி கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொரு கடன்.

முதலில் வந்தது இடுப்பு வலி. அப்புறம் தலையிடி. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலும் தைலமும் கொடுத்தார்கள். கடன் வாங்கி கண்டிக்குப் போய் ஸ்கேனும் எடுத்தோம், அதில் ஒன்றும் இல்லை. பிறகு கோபம். மகனின் புத்தகப் பையை வெளியே வீசினார், அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை மேல் ஒரு விரல் வைத்தவரில்லை. சம்பளத்தன்று மட்டும் குடித்தவர் தினமும் தவறணைக்குப் போக ஆரம்பித்தார். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்க வருஷா வருஷம் முதல் ஆளாக நிற்பவர், அந்த வருஷம் கூப்பிடப் போன பையன்களைத் திட்டித் துரத்திவிட்டார்.

நாங்கள் இதையெல்லாம் தனித்தனியாகத்தான் பார்த்தோம். வலி ஒரு பக்கம், குடி ஒரு பக்கம், திமிர் ஒரு பக்கம். ஒருநாள் நான் போயிருந்தபோது கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கத்தியை எடுத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து பிடி வரைக்கும் துரு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணனுக்குக் குடிதான் பிரச்சினை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளினிக்கில் டொக்டர் கேட்ட கேள்விகளைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் பார்ப்பது இதைத்தான்: இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறதா, அல்லது முன்பு ஆசையாகச் செய்த எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டதா. இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். அதோடு தூக்கம், சாப்பாடு, களைப்பு, ஒரு விஷயத்தில் மனதை நிறுத்த முடியாமை, ஆள் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தம் ஒன்பது விஷயங்கள். ஐந்துக்குக் குறையாமல் இருந்து, அன்றாட வாழ்க்கையும் கெட்டுப்போயிருந்தால் மனச்சோர்வு என்கிறார்கள். அழுகை கட்டாயம் என்று எங்கேயும் இல்லை. நம் ஆம்பளைகளிடம் முதலாவதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோம். மனம் கனக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. சின்ன வயதில் விழுந்து அழுதால்கூட ‘பொம்பளப் புள்ளையாடா நீ’ என்றுதான் கேட்டோம். அந்தக் கனம் கோபமாக, குடியாக, இடுப்பு வலியாக வெளியே வரும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. அவர் ஆசையாகச் செய்த எது நின்றுபோயிருக்கிறது? கிரிக்கெட்டா, வீட்டுக்குப் பின்னால் போட்ட தோட்டமா, சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவதா? அது எப்போது நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

மனச்சோர்வு என்று கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பெண்கள் ஆண்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நம் நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். கண்டுபிடிக்கப்படாமலே போகிற ஆண்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நாங்கள் செய்த பிழைகளையும் சொல்கிறேன். அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன், அம்மாவுக்கு அது ஆறுதல், அண்ணனும் பேசாமல் கையை நீட்டினார். பிழை வேறு. மாமா நாலு பேர் முன்னால் ‘குடும்பக்காரன் இருக்கிற லட்சணமா இது’ என்று கேட்டார். நான் ‘மொதல்ல குடிய விடுங்க, எல்லாம் சரியாயிரும்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தூக்கம் வராததால் குடிக்கிறார், குடித்ததால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, விழித்தால் கடன் நினைப்பு. சாராயம் கொஞ்ச நேரம் அமர்த்திவிட்டு மனச்சோர்வை இன்னும் கூட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது: தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உங்கள் கணவரை இன்றே நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் விறகுக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் நம் ஆட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பக்கத்தில் நடந்துகொண்டு, கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு கேட்டால் சில நேரம் திறக்கும். ‘ஏன் இப்படி ஆயிட்டீங்க’ என்று நான் கேட்கவில்லை.

“ராத்திரி மூணு மணிக்கெல்லாம் வெளிய ஒக்காந்திருக்கீங்கன்னு அண்ணி சொன்னாங்க. தூக்கம் வரலையாண்ணே?”

ஒரு கட்டு விறகு கட்டி முடிக்கும்வரை பேச்சில்லை. பிறகு கயிற்றை இறுக்கிக்கொண்டே, “தூக்கம் வந்தா தேவலடா” என்றார். நான் வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரே கரட்டைப் பற்றிப் பேசினார், நகையைப் பற்றிப் பேசினார். “நா இல்லாட்டி இவங்களுக்கு நல்லது” என்றார்.

அந்த வார்த்தையை யார் சொன்னாலும் தாண்டிப் போய்விடாதீர்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டேன்: “செத்துப் போயிரலாம்னு தோணுதாண்ணே?” அவர் குனிந்தபடியே, “அப்பப்ப” என்றார். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை மனதில் போட்டுவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, நேராகக் கேட்பதால் ஆபத்து அதிகமாகாது என்று டொக்டரும் பிறகு சொன்னார். கேட்ட பிறகு அண்ணனின் தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை எல்லாம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். இது சின்ன விஷயம் இல்லை. 1995 வாக்கில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நினைப்பு அலை மாதிரி வந்து போகும். வருகிற நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பிவிடும்.

கிளினிக் என்றதும் அண்ணனும் உங்கள் கணவர் கேட்டதைத்தான் கேட்டார். “அங்கொடைக்கு அனுப்பப் பாக்குறீங்களா?” அங்கே இருக்கிற மனநல ஆஸ்பத்திரியைத்தான் சொன்னார். நான் சொன்னேன், தங்க வேண்டியதில்லை, பிரஷர் கிளினிக் மாதிரிதான், காலையில் போய்க் கொப்பி போட்டு, மருந்து வாங்கி, பகலுக்கு மேல் வந்துவிடலாம், காசும் இல்லை. தூக்கத்துக்காகப் போவோம் என்றேன். அது பொய் இல்லை, அவருக்கே தூக்கம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. ஆனால் அது மனநல கிளினிக் என்பதையும் முதலே சொல்லிவிட்டேன். ‘வேற எங்கயோ போறோம்’ என்று ஏமாற்றிக் கூட்டிப் போகச் சொல்லி உங்களுக்கும் ஆட்கள் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். வாசலில் போர்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டால், அடுத்த முறை நீங்கள் எது சொன்னாலும் நம்பமாட்டார்.

மாவட்ட வைத்தியசாலைகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் இந்தக் கிளினிக் நடக்கும். எந்தக் கிழமை என்று ஓபிடியில் கேட்டால் சொல்வார்கள். தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று கூச்சமாக இருந்தால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், அதையும் கணக்குப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். எங்களுக்கு அமைந்த டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார், நான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் தம்பி முன்னால் எதைத்தான் ஓர் அண்ணன் சொல்வார்? இரண்டாம் முறை தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் வெளியே நின்றேன். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். நீங்களும் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

தைரொய்ட் குறைந்தாலும் இதே மாதிரிக் களைப்பு வரும் என்று முதலில் இரத்தம் சோதித்தார்கள். பிறகு ஒரு குளிசை. குணம் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்கூட ஆகலாம், சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார்கள். முதல் வாரம் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று அண்ணன் குளிசையை எறியப் பார்த்தார். அண்ணிதான் தினமும் கையில் கொடுத்தார். நாலாம் வாரம் ஒருநாள், வேலை முடிந்து வந்தவர் அடுப்படியில் எட்டிப் பார்த்து, “இன்னைக்கு என்னா கொழம்பு?” என்று கேட்டாராம். அதைச் சொல்ல அண்ணி எனக்குப் போன் எடுத்து, சொல்ல முடியாமல் அழுதுவிட்டார்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மூன்றாம் மாதம் ‘எனக்குச் சொகமாயிருச்சு’ என்று தானாகவே நிறுத்தி, மறுபடி படுத்துவிட்டார். திரும்ப ஆரம்பித்தோம். கடன் இன்னும் இருக்கிறது, குளிசை அதை அடைக்காது. ஆனால் கடனைப் பற்றி உட்கார்ந்து பேச இப்போது அவரால் முடிகிறது.

அவர் வரவே மாட்டேன் என்றால், முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். 1333க்கு எடுத்தாலும் ஆலோசனை கிடைக்கும், அது இலவசம். இன்றிரவே ஏதாவது செய்துகொள்வார் போல் இருந்தால் தனியே விடாதீர்கள், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உங்களையோ பிள்ளைகளையோ அடிக்கிறாரா? அடித்தால், வருத்தக்காரர் என்று பொறுத்துக்கொண்டு அங்கேயே இருக்காதீர்கள். பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கோ நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கோ போய்விட்டு, அங்கிருந்து உதவி தேடுங்கள். பெண்களுக்கான இலக்கம் 1938.

அவர் யார் பேச்சைக் கேட்பார்? அண்ணனா, மச்சானா, கூட வேலை செய்கிற ஆளா? அந்த ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, முதல் நாள் கூடப் போகச் சொல்லுங்கள். கிளினிக் எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். ஹட்டன் பக்கமாக வருவதாக இருந்தால் பஸ் நேரம் எனக்குத் தெரியும், சொல்கிறேன்.