டீச்சருக்கு மல்லி கொடுக்கலாமா?

அன்புள்ள சார்,

பள்ளியில் எங்களுக்குத் தமிழ் எடுத்த டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவிகள் பத்துப் பேர் சேர்ந்து பூ கொடுக்க நினைக்கிறோம். மஞ்சள் ரோஜா என்றால் நட்பு, இளஞ்சிவப்பு என்றால் நன்றி என்றெல்லாம் இணையத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்கு மல்லிதான் ஆசை. அப்போதெல்லாம் டீச்சர் வகுப்புக்கு வருமுன்பே அவருடைய மல்லி வாசம் வந்துவிடும். ஆனால் அவர் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ‘பொக்கே வாங்கு, வம்பே வேண்டாம்’ என்கிறார்கள் தோழிகள்.

– ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாதிரிப் பட்டியல் விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சரக்கு. நம்மிடமும் சங்க காலத்தில் ஒன்று இருந்தது: வீரன் வெட்சி சூடினால் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவரப் போகிறான், தும்பை என்றால் போர், வாகை என்றால் வெற்றி. தேர்தல் செய்தியில் இன்றும் ‘வாகை சூடினார்’ என்று எழுதுகிறோம், வாகைப்பூ எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்போம்.

கொடுப்பவர் ஒன்று நினைக்க, வாங்குபவர் வேறொன்று நினைத்தால் தீர்ந்தது கதை. ஒரு புதுமனை புகுவிழாவுக்கு, அழகாக இருக்கிறதே என்று வெள்ளைச் சாமந்தியை வட்டமாகக் கட்டிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த பாட்டி, “யாருப்பா போயிட்டாங்க?” என்றார்.

குறுந்தொகையின் முதல் பாட்டே பூவை வேண்டாமென்று சொல்வதுதான். தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதலிக்குப் பரிசாக, கொண்டு வருகிறான். எங்கள் மலையிலும் அதுதானே பூத்துக் கிடக்கிறது என்று தோழி மறுத்துவிடுகிறாள். உங்கள் டீச்சருக்கும் அன்று பொக்கே மலைபோலக் குவியும். மல்லியைத்தான் யாரும் நீட்ட மாட்டார்கள்.

அதனால் உங்கள் ஆசை சரிதான். ஆனால் தயவுசெய்து மேடையில் வேண்டாம். ஊரே பார்க்க, வாங்குவதா விடுவதா என்று அவரைத் திண்டாட வைக்காதீர்கள். உங்கள் முற்போக்குக்கு அவர் தலையா கிடைத்தது? முந்தின நாள் போனில், “மல்லி வாங்கி வரட்டுமா டீச்சர்?” என்று கேளுங்கள். தலையில் வைப்பாரோ, சாமி படத்துக்குப் போடுவாரோ, மேசையில் வைத்து முகர்வாரோ, அது அவர் இஷ்டம். வேண்டாம் என்றால் மரிக்கொழுந்து கொடுக்கலாம். இல்லை, மனோரஞ்சிதம் கிடைத்தால் இரண்டே இரண்டு. நினைத்த பழத்தின் வாசம் வரும் என்பார்களே, அது.

அவர் சரி என்றால், பத்துப் பேரில் யாருக்காவது பூக்கட்டத் தெரியுமா? தெரிந்தால் காலையிலேயே கோயம்பேடு போய் உதிரியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் தெருமுனையில் கட்டினதை வாங்குங்கள், ஒரு முழம் கூடுதலாகவே. பூக்காரம்மாவின் முழம் எப்போதும் நம் முழத்தைவிடச் சின்னது. எதுவானாலும் இறுகின மொட்டாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்கிவிடும், வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி. விழா நாலு மணிக்கு என்றால், அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விளக்குப் போடும்போதுதான் விரியத் தொடங்கும்.